கோப்பை நகலெடுத்தால் நிறுவியதாகாது

கணித எழுத்துருவும் மற்ற எழுத்துருக்களைப் போன்றதுதான், கோப்பை உரிய கோப்புறையில் போட்டுவிட்டால் நிறுவல் முடிந்தது என்ற கருத்து பரவலாக இருக்கிறது. டெக், லேடெக் ஆகிய அச்சுக்கோப்பு மென்பொருள்களில் வேலை அவ்வளவு எளிதாக முடிவதில்லை. அதைக் காண்பவர்கள் பழியை மென்பொருளின் மேல் போடுகிறார்கள். டெக் 1970களில் பிறந்த பழைய ஏற்பாடு, அதனால்தான் இத்தனை கோப்புகளும் இத்தனை கட்டளைகளும். ஓபன்டைப் என்ற புதிய எழுத்துரு வடிவம் வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் இரண்டு இடங்களில் தவறுகிறது. கணித எழுத்துருவில் இருப்பவை எழுத்து வடிவங்கள் மட்டுமே என்று கொள்வது முதல் தவறு. நிறுவலில் வரும் சிரமம் முழுவதும் டெக்கின் பழமையால் வந்தது என்று கொள்வது இரண்டாவது. முதலாவது திருந்தினால் இரண்டாவது பெரும்பாலும் தானே விழுந்துவிடும்.

ஆங்கில உரையைக் கோப்பதற்கு ஒவ்வொரு எழுத்தின் அகலமும் தெரிந்தால் ஏறக்குறையப் போதும். எழுத்துகள் ஒரே கோட்டின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக அமர்கின்றன. சில இணைகளுக்கு நடுவே இடைவெளியைச் சற்றுக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். சூத்திரம் அப்படி ஒரே கோட்டில் நிற்பதில்லை. பின்னக் கோடு எந்த உயரத்தில் ஓட வேண்டும், தொகுதி அதிலிருந்து எவ்வளவு மேலே நிற்க வேண்டும், பகுதி எவ்வளவு கீழே இறங்க வேண்டும், அடுக்கு எவ்வளவு உயர வேண்டும், அதே அடுக்கு வர்க்கமூலத்துக்குள் வந்தால் எவ்வளவு தாழ வேண்டும், கூடுதல் குறியின் எல்லைகள் அதை எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விகள் ஒவ்வொரு சூத்திரத்திலும் எழுகின்றன. இவற்றுக்கு எல்லா எழுத்துருவுக்கும் பொதுவான விடை கிடையாது. எழுத்தின் உயரமும் கோட்டின் தடிமனும் சாய்வும் மாறினால் விடையும் மாறும்.

டொனால்ட் க்னூத் இதை அறிந்தே டெக்கை வடிவமைத்தார். 1977இல் அவருடைய கணினி நிரலாக்க நூல் வரிசையின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்தபோது, புதிய ஒளியச்சு முறையில் கோத்த பக்கங்களின் தரம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அதன் விளைவாக டெக்கும், எழுத்துருக்களை வரைவதற்கான மெட்டாஃபாண்ட்டும், கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக் குடும்பமும் சேர்ந்தே உருவாயின. சூத்திரத்தின் இடைவெளிகளைத் தீர்மானிக்கும் எண்களை அவர் நிரலுக்குள் எழுதிப் பூட்டிவைக்கவில்லை. எழுத்துருவோடு வரும் டிஎஃப்எம் என்ற அளவுக் கோப்பில் வைத்தார். கணிதக் குறியீடுகளைக் கொண்ட எழுத்துருவில் குறைந்தது 22 அளவுருக்களும், பெரிய அடைப்புக்குறிகளும் தொகையீட்டுக் குறியும் உள்ள விரிவு எழுத்துருவில் குறைந்தது 13 அளவுருக்களும் இருக்க வேண்டும் என்பது டெக்கின் விதி. அவை குறைந்தால் டெக் ஒப்பேற்றிப் பார்ப்பதில்லை. எழுத்துரு போதவில்லை என்று பிழை காட்டிச் சூத்திரத்தையே நீக்கிவிடும். உரைக்கென்று செய்த எழுத்துருவின் அளவுக் கோப்பில் பொதுவாக 7 அளவுருக்கள்தாம் இருக்கும். அதைக் கணிதத்துக்கு நிறுவ முயல்பவர் முட்டிக்கொள்ளும் முதல் சுவர் இது. டெக் பழையது என்பதால் எழுந்த சுவர் அன்று. பின்னக் கோடு எங்கே ஓட வேண்டும் என்று சொல்ல அந்தக் கோப்பில் எதுவும் இல்லை என்பதால் எழுந்தது.

வர்க்கமூலக் குறியை மட்டும் எடுத்து அருகில் பார்த்தால் இந்தப் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பது விளங்கும். குறியின் உடல் எழுத்துருவிலிருந்து வருகிறது. உள்ளே இருக்கும் கோவையின் மேல் ஓடும் கோட்டை டெக் தானே வரைகிறது. இரண்டும் பிசிறில்லாமல் ஒட்ட வேண்டுமானால் கோட்டின் தடிமன் குறியின் முனைத் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். அந்தத் தடிமனை டெக் எங்கிருந்து எடுக்கிறது? அளவுக் கோப்பில் வர்க்கமூலக் குறியின் உயரம் என்று குறித்துள்ள எண்ணிலிருந்து. அதற்கேற்பவே கம்ப்யூட்டர் மாடர்னில் அந்தக் குறி அடித்தளக் கோட்டுக்கு மேல் 0.4 புள்ளி மட்டும் தலைநீட்டி, மற்ற உடல் முழுவதும் கீழே தொங்குமாறு வரையப்பட்டுள்ளது. வேறொரு எழுத்துருவில் குறி மற்ற எழுத்துகளைப் போல அடித்தளக் கோட்டின் மேலே 7 புள்ளி உயரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே டெக்குக்குக் கொடுத்தால் மூலத்தின் மேல் 7 புள்ளித் தடிமனில் ஒரு கறுப்புப் பட்டை விழும். வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. கோப்பும் சரியான இடத்தில் இருக்கிறது. பக்கம் மட்டும் பாழ்.

சாய்ந்த எஃப் எழுத்து இன்னொரு சான்று. அதன் தலை வலப்பக்கம் நீண்டு தொங்குகிறது, அடி இடப்பக்கம் ஒதுங்குகிறது. அடுக்கு வந்தால் தலையைத் தாண்டி நிற்க வேண்டும். கீழ்க்குறி வந்தால் அடியை ஒட்டி உள்ளே நுழைய வேண்டும். கணிதச் சாய்வெழுத்தின் டிஎஃப்எம் கோப்பில் அகலம் என்று இருப்பது எழுத்தின் உண்மையான அகலம் அன்று. கீழ்க்குறி தொடங்க வேண்டிய இடம். அதனுடன் சாய்வுத் திருத்தம் என்ற எண்ணைக் கூட்டினால் அடுக்கு தொடங்கும் இடம் கிடைக்கும். கதைப் புத்தகத்துக்காகச் செய்த சாய்வெழுத்தில் அகலத்துக்கு இந்தப் பொருளே கிடையாது. அதைக் கணிதத்தில் மாட்டினால் கீழ்க்குறி எழுத்தை விட்டு விலகி நிற்கும், இல்லையென்றால் அடுக்கு எழுத்தின் தலையில் மோதும். எழுத்தின் மேல் வரும் தொப்பிக் குறியும் திசையன் அம்பும் எவ்வளவு வலப்புறம் நகர வேண்டும் என்பதற்குத் தனித் தகவல் வேண்டும். அதுவும் உரை எழுத்துருவில் இருக்காது.

இவ்வளவு தொல்லை எதற்கு, கம்ப்யூட்டர் மாடர்னையே வைத்துக்கொண்டு உரையை மட்டும் டைம்ஸில் அடித்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. 10 புள்ளி அளவில் கம்ப்யூட்டர் மாடர்ன் ரோமனின் எக்ஸ் எழுத்து சுமார் 4.3 புள்ளி உயரம். டைம்ஸ் ரோமனில் 4.5 புள்ளி. நேர்கோட்டின் தடிமன் முன்னதில் சுமார் 0.69 புள்ளி, பின்னதில் 0.84 புள்ளி. எண்ணாகப் பார்த்தால் சிறிய வேறுபாடு. பக்கத்தில் அது சூத்திரங்கள் எல்லாம் வெளிறிப்போய், உரையிலிருந்து பிரிந்து நிற்பதாகக் கண்ணில் படும். ஒரே பத்தியில் உரையிலுள்ள எண்ணும் சூத்திரத்திலுள்ள எண்ணும் இரண்டு வடிவங்களில் வந்தால், அவை ஒரே எண்ணா என்று மாணவர் தயங்குவார். கணிதத்தில் எழுத்தின் தோற்றமே பொருளைச் சுமக்கிறது. தடித்த எக்ஸ் திசையனைக் குறிக்கும். சாய்ந்த எக்ஸ் மாறியைக் குறிக்கும். அங்கே தோற்றக் குழப்பம் அழகின் குறைவோடு நின்றுவிடாது.

நிறுவல் என்ற செயலுக்கு வரலாம். பழைய டெக்கில் ஒரு கணித எழுத்துருவுக்கு அளவுக் கோப்பு, டைப் 1 வடிவக் கோப்பு, பல இடங்களில் மெய்நிகர் எழுத்துருக் கோப்பு, குறியாக்கக் கோப்பு, அளவுக் கோப்பின் பெயரை வடிவக் கோப்பின் பெயரோடு இணைக்கும் மேப் கோப்பு, லேடெக்குக்கான பாணிக் கோப்பு ஆகியவை வேண்டும். ஒவ்வொன்றும் டெக் அடைவு மரத்தில் தனக்குரிய கிளையில் இருக்க வேண்டும். கணினி முழுவதற்கும் உரிய உள்ளூர் மரத்தில் கோப்புகளைப் போட்டால் டெக்ஹாஷ் கட்டளையை இயக்கிப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் அப்ட்மேப் கட்டளையால் மேப் கோப்பைப் பதிய வேண்டும். இதைத் தேவையற்ற சடங்கு என்பவர்கள் ஒவ்வொரு கோப்பும் யாருக்காக இருக்கிறது என்று பார்ப்பதில்லை. டெக் பக்கத்தை அமைக்கும்போது வடிவங்களைத் திறந்து பார்ப்பதேயில்லை. அளவுகள் மட்டுமே அதற்கு வேண்டும். வடிவங்கள் வேண்டியிருப்பது பிடிஎஃப் எழுதும் கட்டத்தில். அளவும் வடிவமும் பிரிந்து இருந்ததால்தான், மெட்டாஃபாண்ட் தந்த பிட்மேப் எழுத்துகளிலிருந்து டைப் 1 எழுத்துகளுக்கு மாறிய காலத்தில் பழைய ஆவணங்களின் வரி முறிவுகூட மாறவில்லை. கம்ப்யூட்டர் மாடர்னின் டைப் 1 வடிவங்கள் 1997இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் வழியாக இலவசமாக வெளிவந்தன. அளவுக் கோப்புகள் அப்படியே இருக்க, வடிவங்கள் மட்டும் மாற்றிப் பொருத்தப்பட்டன. சடங்கு என்று இகழப்படும் அந்தப் பிரிவினையின் பயன் இது.

இந்த ஏற்பாட்டில் உண்மையான ஆபத்து கோப்புகளின் எண்ணிக்கையில் இல்லை. பாதி நிறுவல் முழு நிறுவலைப் போலவே தோன்றுவதில் இருக்கிறது. மேப் பதிவு விட்டுப்போனால் டெக் புகார் சொல்லாமல் பக்கத்தை அமைத்துவிடும். பிடிஎஃப் எழுதும் கட்டத்தில் மெட்டாஃபாண்ட் மூலம் கிடைத்தால் பிட்மேப் எழுத்துகளை அங்கேயே உருவாக்கி டைப் 3 வடிவில் பதித்துவிடும். திரையில் பார்ப்பவருக்கு எழுத்து இருக்கிறது. பெரிதாக்கினால் விளிம்பு சிதைகிறது. டைப் 3 எழுத்துரு உள்ள கோப்பைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்காகச் சென்னையிலும் புதுச்சேரியிலும் அச்சுக்கோப்பு வேலை பார்ப்பவர்களுக்கு இந்த விவரம் அன்றாடப் பாடம். அப்ட்மேப் கட்டளையிலும் ஒரு பொறி உண்டு. பயனருக்கு மட்டுமான வடிவில் அதை ஒருமுறை இயக்கிவிட்டால் அவருடைய வீட்டு அடைவில் தனி மேப் கோப்பு உருவாகும். அன்றிலிருந்து கணினி முழுவதற்கும் செய்யும் புதுப்பிப்புகள் அவரை எட்டுவதில்லை. இன்று நிறுவிய எழுத்துரு வேலை செய்யும். சில மாதங்கள் கழித்து மற்றவர் கணினியில் வரும் எழுத்துரு இவருக்கு மட்டும் வராது. இதனால்தான் டெக் லைவ் என்ற டெக் மென்பொருள் தொகுப்பின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், எந்த வடிவம் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் அப்ட்மேப்பை இயக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். நகலெடுத்தால் போதும் என்று நினைப்பவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஓபன்டைப். அதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. டிஎஃப்எம் கோப்பில் 256 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. அத்தனைக்கும் சேர்த்து 16 வெவ்வேறு உயரங்கள்தாம். ஒரு சூத்திரத்தில் 16 எழுத்துருக் குடும்பங்களுக்கு மேல் டெக் ஏற்காது. இவை அந்தக் காலக் கணினி நினைவகத்தின் வரம்புகள். கணிதத்தின் தேவைகள் அல்ல. ஓபன்டைப்பும் ஸீடெக், லுவாடெக் என்ற புதிய இயந்திரங்களும் இவற்றை நீக்கின. ஒரே கோப்பில் ஆயிரக்கணக்கான குறிகளை வைக்கலாம். யூனிகோட் கணிதத் தொகுப்பை அழைத்து ஒரே வரியில் எழுத்துருவைக் குறிப்பிடலாம். ஆனால் நீங்கியவை வரம்புகள் மட்டுமே. அளவுருக்கள் நீங்கவில்லை, பெருகின. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007க்காகக் கேம்ப்ரியா மேத் எழுத்துருவோடு உருவான கணித அட்டவணையில் மாறிலிகள் மட்டுமே ஐம்பதுக்கு மேல். பின்னக் கோட்டின் தடிமன், கணித அச்சின் உயரம், மூலக் குறியின் மேல்கோட்டுத் தடிமன் எல்லாம் அங்கே தனித்தனிப் பெயரோடு நிற்கின்றன. எழுத்தின் நான்கு மூலைகளிலும் அடுக்கும் கீழ்க்குறியும் எவ்வளவு உள்நுழையலாம் என்பதற்கும் இடம் இருக்கிறது. க்னூத் 1970களில் எழுத்துருவிடம் கேட்ட கேள்விகளையே ஓபன்டைப் இன்னும் விரிவாகக் கேட்கிறது.

அந்த அட்டவணை இல்லாத ஓபன்டைப் எழுத்துரு கணித எழுத்துரு ஆகாது என்பதற்கு ஸ்டிக்ஸ் எழுத்துருக்களின் வரலாறே போதும். அறிவியல் பதிப்பகங்களும் கழகங்களும் கூடி, அறிவியல் எழுத்துக்கு வேண்டிய குறிகளை எல்லாம் ஒரே தொகுப்பில் தரும் நோக்கத்தோடு உழைத்து, 2010இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டன. ஆயிரக்கணக்கான குறிகள் அதில் இருந்தன. கணித அட்டவணை இல்லை. அப்பதிப்பை எவரும் தம் கணினியில் நகலெடுக்க முடிந்தது. அதைக் கொண்டு சூத்திரம் கோக்க முடியவில்லை. காலித் ஹொஸ்னி என்ற எழுத்துரு வல்லுநர் அட்டவணையைச் சேர்த்து எக்ஸிட்ஸ் என்ற பெயரில் அந்த வடிவங்களை வெளியிட்டபின்தான் ஸீடெக் பயனர்களுக்கு அவை பயன்பட்டன. வடிவங்களே எழுத்துரு என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

கேம்ப்ரியா மேத் மறுபுறத்திலிருந்து அதே உண்மையைக் காட்டுகிறது. இயங்குதளத்தின் எழுத்துருப் பட்டியலில் அது மற்றவற்றோடு சேர்ந்து நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்து வேர்டில் சாதாரண உரையை அடித்தால் வரிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிப் போய்விடும். உயரமான அடைப்புக்குறிகளுக்கும் தொகையீட்டுக் குறிகளுக்கும் இடம்விட்டுச் செய்த எழுத்துரு அது. அந்த உயரத்தை வரி இடைவெளியாக எடுத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். பட்டியலில் பெயர் தெரிவதால் மட்டும் எதற்கு எது உரியது என்பது தெரிந்துவிடாது.

யூனிகோடுக்கு மாறியபின் விடுபடும் எழுத்துகளின் சிக்கல் இன்னும் நுட்பமானது. 2001இல் வெளிவந்த யூனிகோட் 3.1 பதிப்பில் கணித எண்ணெழுத்துகளுக்கென்று தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. சாய்ந்த சிறிய லத்தீன் எழுத்துகள் அதில் வரிசையாக இருக்கின்றன, ஓர் எழுத்தைத் தவிர. சாய்ந்த எச் இருக்க வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. பிளாங்க் மாறிலிக்கான குறியாக அந்த எழுத்து அதற்கு முன்பே வேறொரு பகுதியில் இடம்பெற்றுவிட்டது என்பது காரணம். எழுத்துருவைச் செய்தவர் அந்தப் பழைய இடத்தை நிரப்ப மறந்திருந்தால், ஆவணத்தில் எக்ஸ், ஒய் எல்லாம் வரும், உயரத்தைக் குறிக்கும் எச் மட்டும் வராது. டெக் வகை இயந்திரங்கள் நெடுங்காலமாக இத்தகைய இழப்பை லாக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டு மேலே போய்விடும் வழக்கமுடையவை. பக்கத்தில் வெற்றிடம் மட்டுமே மிஞ்சும். நூறு பக்கக் கணித நூலில் அந்த வெற்றிடத்தைக் கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம்.

ஓபன்டைப் உலகில் நிறுவுதல் என்பதன் எல்லையும் முன்னைவிடத் தெளிவாகிவிடவில்லை. ஒரே எழுத்துரு டெக் மரத்திலும் இயங்குதளத்தின் எழுத்துருக் கோப்புறையிலும் இரண்டு பதிப்புகளாக இருக்கலாம். லினக்ஸில் டெக் லைவோடு வரும் எழுத்துருக்களை ஸீடெக்கில் பெயர் சொல்லி அழைத்தால், இயங்குதளத்துக்கு அந்த அடைவை அறிவித்திருந்தால்தான் கிடைக்கும். கோப்புப் பெயரால் அழைத்தால் அறிவிக்காமலே கிடைக்கும். லுவாடெக் தனக்கென்று ஒரு பெயர்ப் பட்டியலை வைத்திருக்கிறது. ஆசிரியரின் கணினியில் ஒரு பதிப்பும் அச்சகத்தின் கணினியில் வேறொரு பதிப்பும் அகப்பட்டால் சூத்திரங்களின் அகலம் மாறும், வரி முறியும், பக்க எண் நகரும்.

தமிழில் கணித நூல் கோப்பவருக்கு இந்த விவாதம் அந்நியமானதல்ல. ஒற்றைக்கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் சரியாக அமர ஓபன்டைப் நெறிகள் வேண்டும். அதனால் யூனிகோட் தமிழுக்கு ஸீடெக் அல்லது லுவாடெக்கே இயல்பான தேர்வு, ஓபன்டைப் கணித எழுத்துருவும் கூடவே வந்துவிடுகிறது. தமிழ் எழுத்துருக்களில் கணித அட்டவணை இருப்பதில்லை. ஆகவே இரண்டு எழுத்துருக்களை இணைத்தே ஆக வேண்டும். ஒரே 11 புள்ளியில் தமிழ் எழுத்து பெரிதாகவும் லத்தீன் மாறி சிறிதாகவும் தெரிந்தால், ஒன்றின் அளவை மாற்றிச் சமன் செய்ய வேண்டும். எவ்வளவு என்பதை அச்சுப்படியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். சூத்திரத்துக்குள் ‘எனில்’, ‘அல்லது’ போன்ற சொற்களை உரைக் கட்டளைக்குள் அடைக்காமல் நேராக அடித்தால் கணித எழுத்துருவில் தமிழ் இல்லாததால் அவை காணாமல் போகும். லத்தீன் எழுத்தே இல்லாத தமிழ் எழுத்துருவை முதன்மை உரைக்கு வைத்திருந்தால், சூத்திரத்துக்குள் உரையாக எழுதும் ஆங்கிலச் சுருக்கங்களுக்கும் அதே கதி. இவற்றில் எதையும் கோப்பை நகலெடுக்கும் செயல் தீர்க்காது.

எல்லாவற்றையும் தொகுப்பே பார்த்துக்கொள்ளும் என்ற பதிலும் உண்டு. பல நேரங்களில் அது நடக்கத்தான் செய்கிறது. டைம்ஸுக்கு இணையான நியூடிஎக்ஸ், பலாட்டினோவை ஒட்டிய டெக் ஜைர் பகெல்லா மேத், லத்தீன் மாடர்ன் மேத் ஆகியவை நல்ல நிலையில் இருக்கின்றன. மைக்கேல் ஷார்ப்பும் போலந்தின் எழுத்துரு வல்லுநர்களும் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் திருத்தியதன் பயன் அது. நிறுவல் எளிய செயல் என்பதற்கு அது சான்று ஆகாது. நெடுங்காலம் புழங்கிய மேத்பிடிஎம்எக்ஸ் தொகுப்பு டைம்ஸ், சிம்பல், கம்ப்யூட்டர் மாடர்ன் எனப் பல எழுத்துருக்களிலிருந்து துண்டுகளைச் சேர்த்தது. சூத்திரத்தைத் தடித்த எழுத்தில் போட அதில் வழியில்லை. தலைப்பில் சூத்திரம் வரும் நூலுக்கு அது ஆகாது. எந்தத் தொகுப்பு எதைத் தருகிறது என்று அறியாமல் நிறுவுபவர் இதைக் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிப்பார்.

ஆகவே நிறுவல் எப்போது முடிகிறது என்ற கேள்விக்கு விடையை மாற்றியாக வேண்டும். கட்டளை பிழையின்றி ஓடியதும் முடிவதில்லை. ஒரு சோதனைப் பக்கம் வேண்டும்: சிறிய, பெரிய லத்தீன் எழுத்துகளும் கிரேக்க எழுத்துகளும் நேர், சாய்வு, தடிப்பு ஆகிய வடிவங்களில் முழுமையாக, எஃப், வி, டபிள்யூ ஆகியவற்றின் மேல் அடுக்கும் கீழ்க்குறியும், பின்னத்துக்குள் பின்னம், ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வர்க்கமூலங்கள், ஐந்து வரி அணியைத் தழுவும் அடைப்புக்குறி, வரிக்குள் ஒன்றும் தனி வரியில் ஒன்றுமாகத் தொகையீட்டுக் குறி. அந்தப் பக்கத்தைத் தாளில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பிடிஎஃப் கோப்பில் எல்லா எழுத்துருவும் பதிந்திருக்கிறதா, டைப் 3 எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். விடுபட்ட எழுத்தைப் பிழையாகவே காட்டும் அமைப்பு 2021 முதல் டெக் லைவில் இருக்கிறது. அதற்குரிய அளவுருவை 3 என்று வைத்துக்கொள்ளலாம். லாக் கோப்பில் விடுபட்ட எழுத்து ஒன்றுகூட இல்லை என்று உறுதியானபின்தான் அந்த எழுத்துருவை நிறுவியாயிற்று என்று சொல்ல முடியும்.